மேலேயிருந்து தெரிந்த வேலிப்பொட்டு

முழு அளவுப் படத்தை யார் கேட்டாலும் கொடுத்துவிடுவேன். அது எனக்கு ஒரு வியாதி.

கொக்குவிலில் சின்னதாக ஒரு ஸ்ரூடியோ வைத்திருக்கிறேன். கலியாணவீடு, சாமத்தியவீடு, கோயில் திருவிழா என்று படம் எடுத்துத்தான் பிழைப்பு. கலியாணவீடுகளுக்கென்று வாங்கிய ட்ரோனை, வேலை இல்லாத நாட்களில் பழைய இடங்களுக்கு மேலே ஏற்றுவேன். இடிந்த தேவாலயம், உப்பளம், மணல்மேடு, வழிப்போக்கர் மடம், தாமரை மூடிய கேணி. எடுத்ததை என்னுடைய பேஜில் போட்டால் வெளிநாட்டில் இருக்கிற எங்கள் சனம் வந்து விழும். "ஐயோ, எங்கடை ஊர்" என்பார் ஒருவர். "கொஞ்சம் இடப்பக்கம் திருப்பியிருந்தா எங்கடை வீடும் வந்திருக்கும்" என்று குறைப்படுவார் இன்னொருவர். பெரிதாக அடித்துச் சுவரில் மாட்ட வேண்டும், ஒரிஜினல் தாங்கோ என்று கேட்பார்கள். நானும் சும்மாவே அனுப்பிவிடுவேன்.

"உவரிட்டை ஆராவது வடிவாயிருக்கு எண்டு சொன்னாக் காணும், வீட்டுத் திறப்பையும் குடுத்துப்போடுவார்" என்று மனைவி சொல்லுவாள். நான் கோபம் மூக்கு நுனியில் இருக்கிற ஆள். அவள் சொல்வது உண்மை என்பதால் இன்னும் கோபம் வரும்.

அந்த வெள்ளிக்கிழமை எடுத்தது வலிகாமத்தில் ஒரு மடம். ஊரின் பெயரைச் சொல்ல மாட்டேன். அதை ஒருதரம் சொன்னதே போதும். ஓடு சரிந்த பழைய மடம், பக்கத்தில் கருங்கல் படிகளோடு ஒரு கேணி, முன்னால் ஒரு சுமைதாங்கி. பின்னால் மதில் கட்டிய வளவுகள், பனைகள், தோட்டங்கள். காலை வெயில் சரிவாக விழுந்து ஒவ்வொரு பனைக்கும் நீளமான நிழல் கொடுத்திருந்தது. அப்படி ஒரு வெளிச்சம் ஆண்டுக்கு இரண்டு மூன்று நாள்தான் கிடைக்கும். அனுமதி எல்லாம் முறையாக எடுத்திருந்தேன். இருபது நிமிடத்தில் வேலையை முடித்துக்கொண்டு வந்து, பின்னேரமே ஊர்ப்பெயர், சந்திப்பெயர் எல்லாம் எழுதிப் படத்தைப் போட்டேன்.

சனிக்கிழமை விடியப் பார்த்தால் சனம் படத்தை அள்ளிக்கொண்டு போயிருந்தது. என்னால் ஒரு இடத்தில் இருக்க முடியவில்லை. மூன்று பேர் ஒரிஜினல் கேட்டிருந்தார்கள். அதில் ஒருவர் தன் முகத்துக்குப் பதிலாக ஒரு மயிலின் படம் போட்டிருந்தார். "அண்ணை, எங்கடை அம்மா பிறந்த ஊர். பெரிசா அடிச்சு விறாந்தையிலை மாட்டப்போறன். தருவியளோ?" என்று எழுதியிருந்தார். அனுப்பினேன். கொஞ்ச நேரத்தில் இன்னொரு கேள்வி வந்தது. "பின்னுக்குத் தெரியிற ஒழுங்கை எது அண்ணை? நீலத் தண்ணித் தொட்டி வைச்ச வீடு எந்த றோட்டிலை வருது?"

இப்படி யாராவது கேட்டால் எனக்குச் சோறு தண்ணி வேண்டாம். சந்திக் கடையிலிருந்து எப்படித் திரும்ப வேண்டும், மடத்து ஒழுங்கை எது, நீலத் தொட்டி வீட்டின் படலை எந்தப் பக்கம், அந்த வளவும் மடத்துப் பின்வளவும் முதுகோடு முதுகு ஒட்டிக்கொண்டிருப்பது எல்லாவற்றையும் ஒரு நீண்ட கடிதமாக எழுதி அனுப்பினேன். கேட்காததையும் எழுதினேன்.

ஞாயிறு காலை பத்து மணிபோல் ஒரு பெண் ஸ்ரூடியோவுக்கு வந்தாள். நாற்பது வயது இருக்கும். பஸ்ஸால் இறங்கி ஓடிவந்தவள்போல மூச்சு வாங்கினாள். இருக்கச் சொல்லியும் இருக்கவில்லை.

"அண்ணை, அந்த மடத்துப் படத்தை எடுத்துவிடுங்கோ."

"ஏன்?"

"எடுத்துவிடுங்கோ. கெதியா."

எனக்கு ஏறிவிட்டது. கும்பிடுகிற இடத்தை எடுத்தால் கோயில்காரர் சண்டைக்கு வருவார்கள். வயலை எடுத்தால் காணிக்காரர் வருவார்கள். இப்போது இடிந்த மடத்துக்கும் ஆள் வந்திருக்கிறது என்று நினைத்தேன். "தங்கச்சி, நான் ஒருத்தற்றை வீட்டுக்குள்ளையும் எட்டிப் பாக்கேல்லை. அனுமதி எடுத்துத்தான் பறக்க விட்டனான். மடம் என்ன உங்கடை சீதனமோ?" என்று கத்தினேன். உள்ளேயிருந்த மனைவி எட்டிப் பார்த்தாள்.

அந்தப் பெண் அழவுமில்லை, திருப்பிக் கத்தவுமில்லை. "கொம்பியூட்டரிலை படத்தைப் பெரிசாக்குங்கோ. மடத்துக்குப் பின்வளவு" என்றாள்.

பெரிதாக்கினேன். அடைத்த யன்னல்களோடு ஒரு ஓட்டு வீடு. கிணற்றடியில் ஒரு கொடி, கொடியில் காயப்போட்ட உடுப்பு. வெள்ளையாக இரண்டு பள்ளிக்கூடச் சட்டைகள். கிணற்றுக் கட்டோடு குந்தியிருந்து உடுப்புத் தோய்க்கிற ஒரு பெண்ணின் உச்சந்தலை. மேலேயிருந்து எடுத்தால் ஆட்கள் எல்லாரும் உச்சந்தலைதான். மேலே பார்க்கிறவர்களுக்கு மட்டும்தான் முகம் இருக்கும். அந்தப் படத்தில் ஒரு முகம் இருந்தது. வாழைமரத்தடியில் நின்ற ஒரு சின்னப் பெண்பிள்ளை, நேரே என் கமராவைப் பார்த்துக் கையை உயர்த்திக் காட்டிக்கொண்டிருந்தாள்.

"என்ரை தங்கச்சியும் பிள்ளையளும்" என்றாள் வந்தவள்.

சொன்னது இவ்வளவுதான். தங்கச்சியின் புருஷன் கைநீட்டுகிறவன். ஒருதரம் கையை முறித்தான். அடுத்த முறை மூத்த பிள்ளை நடுவில் போய் விழுந்து அவளுக்கும் பட்டது. சொந்தபந்தம் முழுக்கப் பிள்ளைகளுக்காகப் பொறுத்துப்போகச் சொன்னது. நாலு மாதத்துக்கு முன் அவள் பிள்ளைகளோடு இந்தத் தமக்கையிடம் ஓடிவந்தாள். நீலத் தண்ணீர்த் தொட்டி வைத்தது தமக்கையின் வீடு. அங்கே வைத்திருக்க முடியாது, அவன் முதலில் வந்து பார்க்கிற இடம் அதுதான். அதனால் முதுகுப்பக்கத்து வளவில் வைத்தாள். அந்த வீட்டுக்காரர்கள் லண்டனில். திறப்பு இவளிடம்தான். அவர்களிடம் கேட்டு, அவர்களும் சரியென்று சொல்லித்தான் வைத்தாள். மடத்து ஒழுங்கைப் பக்கம் இருக்கிற கேற்றில் கறள் பிடித்த ஆமைப்பூட்டு அப்படியே தொங்கியது. றோட்டால் போகிற எவருக்கும் அது பூட்டிக் கிடக்கிற வீடு.

எங்கள் ஊர்களில் இரண்டு வளவுக்கு நடுவிலுள்ள வேலியில், குனிந்து போகிற அளவுக்கு ஒரு வழி விட்டிருப்பார்கள். வேலிப்பொட்டு என்போம். கறிவேப்பிலை வாங்கவும் கதை கேட்கவும் பெண்கள் றோட்டில் இறங்காமல் அதற்குள்ளால்தான் போய்வருவார்கள். தங்கச்சியும் பிள்ளைகளும் நாலு மாதம் வாழ்ந்தது அந்தப் பொட்டுக்குள்ளால்தான். பிள்ளைகள் பெரியம்மாவின் படலையால் பள்ளிக்கூடம் போனார்கள், பெரியம்மாவின் படலையால் வந்தார்கள். அவன் இரண்டு தரம் வந்து நீலத் தொட்டி வீட்டில் இருந்து தேத்தண்ணி குடித்து, மூலை முடுக்கெல்லாம் பார்த்துவிட்டுப் போனான். வேலிக்கு அங்கால் இருக்கிறார்கள் என்று அவனுக்குத் தோன்றவில்லை.

றோட்டில் நிற்கிறவனுக்கு அது தெரியாது. என் படத்தில் தெரிந்தது. கிணற்றடியிலிருந்து வேலிவரைக்கும், வேலியிலிருந்து நீலத் தொட்டி வீடுவரைக்கும், புல் தேய்ந்து ஒரு வெள்ளைப் பாதை. ஒரு நாளைக்குப் பத்துத் தரம் நடந்தால்தான் அப்படித் தேயும்.

நீலத் தொட்டி என்று அவள் சொன்னதுமே எனக்கு அந்தக் கேள்வி ஞாபகம் வந்திருந்தது. போனை எடுத்து மயில்படக்காரரின் மெசேஜ் பெட்டியைத் திறந்தேன். என் நீண்ட கடிதத்துக்குக் கீழே காலையில் ஒரு வரி வந்திருந்தது. "நன்றி அண்ணை. இண்டைக்கே போய்ப் பாக்கப்போறன்."

தெரிந்த வீட்டுக்கு அவன் வழி கேட்கவில்லை, படத்தில் இருக்கிற தொட்டி அந்த வீட்டுத் தொட்டிதானா என்றுதான் உறுதிப்படுத்தியிருக்கிறான். போனை அவளிடம் நீட்டினேன். வாசித்துவிட்டு என்னை நிமிர்ந்து பார்த்தாள். வாழ்க்கையில் என்னை எத்தனையோ பேர் திட்டியிருக்கிறார்கள். அந்தப் பார்வைக்கு முன்னால் அதெல்லாம் ஒன்றுமில்லை.

தங்கச்சிக்குப் போன் எடுத்தோம். அவன் தேடிப் பிடித்துவிடுவான் என்று பகலில் அவள் போனை நிறுத்தியே வைத்திருப்பாளாம். படத்தை அழிக்கும்படி மனைவியிடம் சொல்லிவிட்டு மோட்டார்சைக்கிளை எடுத்தேன். ட்ரோன் பை எப்போதும்போல முன்னால் மாட்டியிருந்தது. தமக்கை பின்னால் ஏறினாள். இருபத்தைந்து நிமிட ஓட்டம். எதிரே வருகிற ஒவ்வொரு மோட்டார்சைக்கிளையும் தலையைத் திருப்பிப் பார்க்கிறாள் என்பது மட்டும் முதுகுக்குத் தெரிந்தது.

நீலத் தொட்டி வீட்டுப் படலை பூட்டியபடி இருந்தது. தமக்கை திறக்க, உள்ளே போய்ப் பொட்டுக்குள்ளால் குனிந்து நுழைந்தோம். தங்கச்சி கிணற்றடியில் உடுப்புக்குச் சவர்க்காரம் போட்டுக்கொண்டிருந்தாள். ஆண் ஆளைக் கண்டதும் இரண்டு பிள்ளைகளும் ஒன்றும் கேட்காமல் எழும்பி அறைக்குள் போய்க் கதவைச் சாத்தினார்கள். பழக்கியிருக்கிறார்கள். தமக்கை ஒரே மூச்சில் விஷயத்தைச் சொன்னாள்.

"எப்ப வாறாராம்?" என்று மட்டும் கேட்டாள் தங்கச்சி. சவர்க்கார நுரை முழங்கைவரைக்கும் இருந்தது.

பதில் சொல்லுமுன் மடத்துப் பக்கம் ஒரு மோட்டார்சைக்கிள் சத்தம் வந்து நின்றது. பிறகு திரும்பக் கிளம்பியது, எங்கேயோ சுற்றியது, நின்றது. சுற்றிவர ஆளுயர மதில். அவனா, வேறு யாருமா, எந்த ஒழுங்கையில் நிற்கிறான், ஒன்றும் தெரியவில்லை. அவன் மடத்துப் பக்கம் நின்றால் இவர்கள் தமக்கையின் படலையால் போகலாம். அவன் அந்தப் படலையில் நின்றால் கறளேறித் திறபடாத இந்தக் கேற்றுப் பூட்டை உடைத்துத்தான் போக வேண்டும். மாறிப் போனால் நேரே அவன் கைக்குள்.

"உங்கடை மிசினை ஏத்துங்கோ" என்றாள் தமக்கை.

அன்றைக்கு அனுமதி கிடையாது. இருந்த பற்றரியிலும் பாதிதான். அவசரத்தில் இறக்கையை இரண்டு தரம் மாறிப் பூட்டினேன். மாமர இடைவெளிக்குள்ளால் மேலே ஏற்றினேன். ஒழுங்கை தெரிந்தது, மடம் தெரிந்தது. மடத்தடியில் ஒரு சிவப்பு மோட்டார்சைக்கிளும் பக்கத்தில் ஒரு வெள்ளைச் சட்டையும். கையில் போனைப் பிடித்துக்கொண்டு, படத்தையும் இடத்தையும் ஒப்பிட்டுப் பார்த்து, மெதுவாகச் சுற்றிச் சுற்றித் திரும்பினான். சத்தம் கேட்டு நிமிர்ந்து பார்த்தான். முகம் தெரிந்தது.

தங்கச்சி திரையைப் பார்த்தாள். "அவர்தான்" என்றாள்.

எனக்குத் தெரிந்த ஓட்டோக்காரர் ஒருவருக்குப் போன் எடுத்து, நீலத் தொட்டி வீட்டு றோட்டுக்கு உடனே வரச்சொன்னேன். பத்து நிமிடம் என்றார். தங்கச்சி உள்ளே போய்ப் பிள்ளைகளைக் கூட்டிவந்தாள். பெரியவள் தோளில் ஒரு பை. நாலு மாதமாக அந்தப் பை கட்டினபடி இருந்ததாம். சின்னவள் மேலே பார்த்தாள். பிறகு என்னைப் பார்த்தாள்.

"அண்டைக்கும் உந்தச் சத்தம் கேட்டது மாமா. நான் கை காட்டினனான். கண்டனீங்களோ?"

ஓம் என்று தலையை ஆட்டினேன்.

பத்து நிமிடம் அவனை மடத்தடியில் நிறுத்திவைக்க வேண்டும். ட்ரோனைக் கேணிக்கு நேர் மேலே கொண்டுபோய் அசையாமல் நிறுத்தினேன். இவர்களைப் பொட்டுக்குள்ளால் தமக்கை வீட்டுக்கு அனுப்பிவிட்டு, றிமோட்டைக் கழுத்தில் தொங்கவிட்டு, மோட்டார்சைக்கிளில் சந்தியால் சுற்றி மடத்து ஒழுங்கைக்கு வந்தேன். படம் எடுக்க வந்தவன் மாதிரி இறங்கினேன்.

நான் ஒரு முரடனை எதிர்பார்த்தேன். நெற்றியில் திருநீறு, மழுங்கச் சிரைத்த முகம், மடிப்புக் கலையாத சட்டை, கையில் ஒரு டொபி மிட்டாய்ப் பைக்கற்.

"அண்ணை, நீங்கள்தானோ எனக்குப் படம் அனுப்பினது?" என்று சிரித்தான். "என்ன தெளிவு அண்ணை. ஆளின்ரை முகமே தெரியுது."

"ஓம் தம்பி. நல்ல கமரா" என்றேன்.

"இப்பவும் எடுக்கிறியளோ? ஒருக்காக் காட்டுங்கோ."

பக்கத்தில் வந்து தோளோடு தோள் நின்றான். பவுடர் மணந்தது. திரையில் கேணியும், கரையில் எங்கள் இரண்டு பேரின் உச்சந்தலையும். பற்றரி குறைகிறது என்று றிமோட் கூவத் தொடங்கியது.

"உந்தப் பக்கம் கொஞ்சம் திருப்புங்கோ அண்ணை. அந்தக் கிணத்தடி வளவு."

"மடத்தைத்தான் எடுக்கிறன்."

"ஒருக்காத்தானே. இஞ்சை விடுங்கோ, நான் திருப்பிறன்." கையை நீட்டி றிமோட்டின் பிடியில் வைத்தான். திரை மெல்ல நகர்ந்தது. மடத்துக் கூரை, மதில், மாமரம். இன்னும் நாலு விரல் நகர்ந்தால் கிணறு, வேலி, பாதை, தமக்கை வீட்டு முற்றம்.

என் ஆயுசில் நான் பட்ட கோபம் எல்லாம் சும்மா போனது. அன்றைக்குத்தான் அது ஒரு வேலைக்கு உதவியது. "ஆரைக் கேட்டுத் தொட்டனீர்?" என்று கையைத் தட்டிவிட்டேன். "விழுந்து உடைஞ்சா நீர் வாங்கித் தருவீரோ? அடுத்தவன்ரை சாமானிலை கைவைக்கிறதுதான் உமக்கு வளர்ப்போ? படம் தந்தா மடியிலை ஏறி இருப்பீரோ?" வாயில் வந்ததெல்லாம் சொன்னேன். பாசாங்காகத்தான் தொடங்கினேன். பாதியில் அது உண்மையாகிவிட்டது. அவன் மேல் பாதி, என் மேல் பாதி. அவன் கையை எடுத்துவிட்டுச் சிரித்த முகத்தோடு ஒரு அடி பின்னால் போனான். கத்திக்கொண்டே ட்ரோனை இறக்கினேன்.

அது தரையைத் தொடும்போது அங்கால் றோட்டில் ஓட்டோ ஒன்று வந்து நின்ற சத்தம் கேட்டது. நான் இன்னும் சத்தமாகத் திட்டினேன். ஓட்டோ கிளம்பியது. அவன் அந்தப் பக்கம் தலையைத் திருப்பினான்.

"ஆரோ போகினம்" என்றான்.

"ஞாயிற்றுக்கிழமை. கோயிலுக்குப் போவினம்" என்றேன்.

அவன் போனைச் சட்டைப்பைக்குள் வைத்தான். பிறகு மோட்டார்சைக்கிளை எடுத்து, நான் எழுதிக்கொடுத்த வழியால் நீலத் தொட்டி வீட்டுக்குப் போனான். ட்ரோனை அப்படியே பைக்குள் திணித்துக்கொண்டு பின்னால் போனேன்.

தங்கச்சியையும் பிள்ளைகளையும் ஓட்டோவில் ஏற்றிவிட்டுத் தமக்கை படலையைப் பிடித்துக்கொண்டு நின்றாளாம். அவன் "எப்பிடி மச்சாள்?" என்று கேட்டபடி அவளை விலத்தி உள்ளே போயிருக்கிறான். வீட்டைத் திரும்பியும் பார்க்கவில்லை. நேரே வேலிப்பொட்டுக்கு நடந்து, குனிந்து அங்கால் போனான். நான் போய்ப் பொட்டுக்குள்ளால் பார்த்தபோது கிணற்றடியில் நின்றான். சவர்க்காரம் போட்ட உடுப்பு வாளியில் அப்படியே கிடந்தது. நுரை இன்னும் அடங்கவில்லை. அதைக் குனிந்து பார்த்தான். கொடியில் காய்ந்த சின்னப் பள்ளிக்கூடச் சட்டையை எடுத்து, கை இரண்டையும் உள்ளே மடித்து, ஒழுங்காக நாலாக மடித்துக் கிணற்றுக் கட்டில் வைத்தான். மேலே டொபி பைக்கற்றை வைத்தான்.

திரும்பி வரும்போது என் பக்கத்தில் நின்றான். "கொஞ்சம் பிந்திப்போனன் அண்ணை. பறவாயில்லை. அடுத்த படம் போடேக்கை எனக்கும் சொல்லுங்கோ."

கோபம் வர வேண்டிய இடம் அது. வரவில்லை. பயம்தான் வந்தது.

படத்தை மனைவி அழித்துவிட்டாள். அழித்து என்ன பிரயோசனம்? எத்தனையோ பேர் எடுத்துத் தங்கள் பக்கங்களில் போட்டிருந்தார்கள். இப்போதும் யாராவது அதை எனக்கே அனுப்புகிறார்கள். "பாருங்கோ அண்ணை, எங்கடை மண் எவ்வளவு வடிவு." நான் மடத்தைப் பார்ப்பதில்லை. பெரிதாக்காமலே அந்தப் பிள்ளையின் கை எனக்குத் தெரிகிறது. ஒரிஜினல் கேட்கிறவர்களுக்கு இல்லையென்று சொல்கிறேன். தலைக்கனம் பிடித்துவிட்டது என்று எழுதுகிறார்கள். எழுதட்டும்.

இரண்டு மாதம் கழித்து அந்தத் தமக்கையிடம் போனேன். வேலியில் புதிய பனையோலை வைத்துப் பொட்டை அடைத்திருந்தாள். உள்ளே கூப்பிடவில்லை. படலையடியில் நின்றே பேசினோம்.

"சின்னவள் எப்பிடி இருக்கிறாள்?" என்று கேட்டேன்.

"இருக்கிறாள். மேலை ஏதும் சத்தம் கேட்டா வீட்டுக்குள்ளை ஓடிப்போயிடுறாளாம்."

"இப்ப எங்கை இருக்கினம்?"

வாயிலிருந்து விழுந்த பிறகுதான் என்ன கேட்டேன் என்று புரிந்தது. அவள் படலையின் கொண்டியைப் போட்டாள்.

"குறை நினைக்காதேங்கோ அண்ணை. ஆர் கேட்டாலும் பாத்துச் சொல்லு, படக்கார அண்ணைக்கு மட்டும் சொல்லிப்போடாதை எண்டு தங்கச்சி சொல்லிப்போட்டுத்தான் போனவள்."

ஓம் என்றேன். மோட்டார்சைக்கிளைத் திருப்பிக்கொண்டு வந்தேன்.